சிகரெட் பெட்டிக்கு ஒரு பூட்டு

பிரான்சில் இருக்கும் என் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மாத்திரை பாட்டில் கொண்டு வருவாள். மாத்திரையில் குறை ஒன்றும் இல்லை. மூடிதான் தகராறு. அழுத்து, அழுத்தியபடியே திருகு என்று மூடியின் தலையில் படம் போட்டிருக்கும். நான் அழுத்தினால் திருக வராது. திருகினால் அழுத்தம் விட்டுப் போகும். டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். என் மனைவி வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுப்பாள். கூடவே ஒரு பார்வையும் பார்ப்பாள்.

அந்த மூடியைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க நேர்ந்தது என் பேரனால். மகள் வயிற்றுப் பேரன். பிரான்சில் பேக்கேஜிங் வடிவமைப்பு படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"தாத்தா, எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்காங்க. சின்னக் குழந்தை திறக்க முடியாத மாதிரி சிகரெட் பெட்டி செய்யணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் சிகரெட்டே பிடிச்சதில்லையேடா."

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன். பிடிக்கிறவங்களைக் கேட்டா, பெட்டி சீக்கிரம் திறக்கணும்னுதான் சொல்றாங்க."

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தலைவலி மாத்திரைக்குப் பூட்டு உண்டு. கழிவறை கழுவும் திரவத்துக்குக் கூடப் பூட்டு உண்டு. நிகோடின் என்ற விஷம் இருக்கும் சிகரெட் பெட்டி மட்டும் ஏன் ஒரு விரலால் தட்டினால் திறந்து கொள்கிறது? முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் நான். புதுக் கேள்வி வந்தால் முதலில் பழைய கோப்பைத் தேட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். தேடினேன்.

இந்த மூடியின் பிறப்பிடம் கனடா. ஒன்டாரியோ மாகாணத்தில் வின்ட்ஸர் என்ற ஊர். அங்கே ஓத்தெல் தியே மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஆன்ரி ப்ரோ. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஹென்றி பிரால்ட் என்பார்கள். எங்களைப் போல் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு அவர் ஆன்ரி ப்ரோதான். (ஓத்தெல் தியே என்றால் சாப்பாட்டு ஹோட்டல் அல்ல. கடவுளின் இல்லம் என்று பொருள். பழைய பிரெஞ்சு மருத்துவமனைகளுக்கு அப்படித்தான் பெயர்.) மாத்திரையை விழுங்கிவிட்ட குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்றாக அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். பெற்றோருக்குப் புத்தி சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. புத்தியை நம்புவதைவிட மூடியை நம்பலாம் என்ற முடிவுக்கு வந்தார். அதே ஊரில் அச்சு வார்ப்புத் தொழில் செய்த பீட்டர் ஹெட்ஜ்விக் என்பவர் அழுத்தித் திருகும் மூடியைச் செய்து கொடுத்தார். 1967-இல் அது புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பகுதியில் குழந்தைகள் மருந்து விழுங்கும் சம்பவங்கள் 91 சதவீதம் குறைந்தன.

அமெரிக்காவில் 1970-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. முதலில் ஆஸ்பிரின், பிறகு ஒவ்வொரு மருந்தாக உள்ளே வந்தன. அந்தச் சட்டத்தின் கீழ் மூடியைச் சோதிக்கும் முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. மூன்றரை வயதிலிருந்து நாலே கால் வயது வரையுள்ள குழந்தைகளை இருவர் இருவராக உட்கார வைக்கிறார்கள். கையில் டப்பாவைக் கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். 5 நிமிடம் நேரம். முடியவில்லை என்றால் ஒரு பெரியவர் வாய் பேசாமல் ஒருமுறை திறந்து காட்டுகிறார். வேண்டுமானால் பல்லாலும் கடிக்கலாம் என்று சொல்லி இன்னும் 5 நிமிடம் கொடுக்கிறார்கள். காட்டிக் கொடுத்த பிறகும் 100-க்கு 80 குழந்தைகளால் திறக்க முடியாமல் இருந்தால் அந்த டப்பா தேறியது.

அதாவது 20 குழந்தைகள் திறந்துவிட்டாலும் டப்பாவுக்குப் பாஸ் மார்க்தான். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் டெஃபினிசியோனில்தான் தொடங்குவார்கள். சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இது குழந்தை திறக்க முடியாத மூடி அல்ல. குழந்தையைத் தாமதப்படுத்தும் மூடி. அந்தத் தாமதத்துக்குள் பெரியவர் யாராவது வந்து சேர வேண்டும். மூடி செய்யும் வேலை பாதிதான், மீதி நம்முடையது.

பெரியவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 90 பேர் திறக்கவும் மூடவும் வேண்டும். எனக்கு 70 தாண்டிவிட்டது. சோதனையிலேயே எனக்கு இடமில்லை என்பதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் அதை ஒரு சமாதானமாக ஏற்கவில்லை.

இனி சிகரெட்டுக்கு வருவோம். ஒரு சிகரெட்டில் ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. பிடிப்பவர் உடம்பில் சேர்வது அதில் 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி எரிந்து போகிறது, புகையாகப் போகிறது, கொஞ்சம் துண்டில் தங்கிவிடுகிறது. ஆனால் தின்றால் கணக்கு வேறு. 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதில் ஒரு பகுதி வயிற்றுக்குள் போனாலே எச்சில் வடியும், வாந்தி வரும், முகம் வெளுக்கும், துவண்டு போகும். அளவு கூடினால் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். நிகோடினே வாந்தியைக் கிளப்பிவிடுவதால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகின்றன. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நாமாக விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. மின்சிகரெட்டுக்கு ஊற்றும் நிகோடின் திரவத்தால் 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை இறந்து போனது. 2016 ஜனவரியில் அமெரிக்காவில் சட்டம் வந்தது, அந்தத் திரவம் இருக்கும் புட்டிக்குப் பூட்டு மூடி கட்டாயம் என்று. ஐரோப்பாவும் 2014-லேயே தன் புகையிலை நெறிமுறையில் இதை எழுதிவிட்டது. நம் நாட்டில் 2019-இல் மின்சிகரெட்டையே தடை செய்துவிட்டார்கள். ஆனால் இந்தச் சட்டங்கள் எதுவும் சாதாரண சிகரெட் பெட்டிக்குப் பூட்டுப் போடச் சொல்லவில்லை.

இதற்குள் பேரன் ஒரு மாதிரி செய்து படம் அனுப்பியிருந்தான். அட்டைப் பெட்டி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் அழுத்திக்கொண்டு, மேஜை டிராயர் போல் உள் பெட்டியை வெளியே இழுக்க வேண்டும். சின்னக் குழந்தை ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் செய்யும், இரண்டு வேறு வேறு காரியத்தைச் சேர்த்துச் செய்ய வராது. எல்லாப் பூட்டு மூடிக்கும் இதுதான் அடிப்படை. நன்றாகவே யோசித்திருந்தான்.

நான் ஐரோப்பிய நெறிமுறையை பிரெஞ்சில் எடுத்து வரிவரியாகப் படித்தேன். சின்ன வயதில் வாங்கிய குட்டுகள் இந்த வயதில் பயன்பட்டன. 14-ஆம் பிரிவில் விஷயம் இருந்தது. சிகரெட் பெட்டி செவ்வகக் கட்டி வடிவில்தான் இருக்க வேண்டும். 20 சிகரெட்டுக்குக் குறையக் கூடாது. ஒருமுறை திறந்த பிறகு மறுபடி மூடும்படியான வாய் எதுவும் இருக்கக் கூடாது, வழக்கமான மடக்கு மூடியைத் தவிர. அந்த மூடியும் பெட்டியின் பின்பக்கத்தில் மட்டுமே மடங்க வேண்டும். லிப்ஸ்டிக் டப்பா போலவும் வாசனைத் திரவியப் பெட்டி போலவும் கவர்ச்சியாகச் செய்து இளம் வயதினரைப் பிடித்துவிடுவார்கள் என்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதி. அந்த நல்ல விதிப்படி பார்த்தால் என் பேரனின் டிராயர் பெட்டியை பிரான்சில் விற்க முடியாது. குழந்தையைக் காக்கப் போட்ட ஒரு விதி, குழந்தையைக் காக்கச் செய்த ஒரு பூட்டை வாசலிலேயே நிறுத்துகிறது. கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தாத்தா, இதை எங்க வகுப்புல யாருமே பார்க்கல."

"பின்பக்கம் மடங்குற மூடியையே வெச்சுக்கோடா. பக்கத்துல ரெண்டு இடத்தையும் அழுத்தினாத்தான் மேலே தூக்க வரணும்னு செய். விட்டா தானா மூடிக்கணும். அது முக்கியம். மூடறதை மனுஷன் கிட்ட விடாதே."

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாத்திரை பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை திறப்பது. சிகரெட் பெட்டி பத்து, இருபது தடவை திறப்பது. இருபது தடவை தொல்லை கொடுக்கும் பூட்டை மனிதன் பூட்டி வைக்க மாட்டான். திறந்தே போட்டுவிடுவான், அல்லது நாலு சிகரெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். ஆஸ்பிரின் பாட்டிலிலேயே இது நடந்தது. பூட்டு மூடி வந்த பிறகு, அதுதான் இருக்கிறதே என்று பெற்றோர் அசட்டையாகிவிடுகிறார்கள் என்று விஸ்குசி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1984-இல் எழுதினார்.

அதற்குப் பிறகு ஒரு கணக்கைப் பார்த்தேன். அதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை குழந்தைகள் புகையிலைப் பொருளைத் தின்றதாக விஷ முறிவு ஆலோசனை மையங்களுக்கு வந்த தகவல்கள் 13,705. அதில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள். ஒரு வயது நிரம்பாத குழந்தை! மூடியைச் சோதிக்கும் குழந்தைக்கு மூன்றரை வயது. தின்னும் குழந்தைக்கு ஒன்பது மாதம், பத்து மாதம். இந்த வயதுக் குழந்தையா பெட்டியைத் திறக்கிறது? தவழ்ந்து போகும் வழியில் கிடப்பதை எடுத்து வாயில் போடுகிறது. கீழே விழுந்த சிகரெட், தாழ்வான மேஜையில் இருக்கும் சாம்பல் கிண்ணம், அதில் கிடக்கும் துண்டுகள். பிரெஞ்சில் சாந்த்ரியே என்போமே, அந்தக் கிண்ணம்தான் பெட்டியைவிடப் பெரிய வாசல். அதற்கு மூடியே கிடையாது.

முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் இப்படி நடந்திருக்கிறது. 1970-களின் தொடக்கம். திண்ணையில் உட்கார்ந்து தாத்தா பீடி பிடிப்பார். அணைத்த துண்டுகளைத் திண்ணை ஓரத்தில் சேர்த்து வைப்பார், பிறகு பிடிப்பதற்காக. பேரப்பிள்ளை தவழ்ந்து வந்து அதில் ஒன்றை மென்றுவிட்டது. வாந்தி, வாந்தி, வாந்தி. கண் சொருகிவிட்டது. தாய் அலறிய அலறல் தெருவையே கூட்டியது. ரிக்ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளை முழித்துப் பால் குடித்தது. தாத்தா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் பீடிக்கட்டை எந்தப் பூட்டில் வைத்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் பிள்ளைப் பருவத்தில் சிகரெட் அட்டைதான் எங்களுக்கு ரூபாய் நோட்டு. வட்டம் போட்டு நடுவில் அட்டைகளை அடுக்கி, சில்லால் அடித்து வெளியே தள்ள வேண்டும். சார்மினார் எங்கும் கிடைக்கும், அதனால் மதிப்புக் குறைவு. கோல்ட் ஃபிளேக்குக்கு மதிப்பு அதிகம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய சொல்தா வீட்டுப் பையன் ஒருவன் நீல நிற கொலுவாஸ் உறை கொண்டு வந்தால் அவன்தான் அன்றைக்கு ராஜா. உள்ளே இருக்கும் ஜிகினாத் தாளைப் பெண் பிள்ளைகள் வாங்கிக் கொள்வார்கள். எந்த வீட்டுச் சாம்பல் கிண்ணத்துப் பக்கம் எப்போது அட்டை விழும் என்று எங்களுக்கு அத்துபடி.

அதைவிட, கடைக்குப் போவதே நாங்கள்தான். "ஓடிப் போய் ரெண்டு சார்மினார் வாங்கிட்டு வா" என்று எந்த வீட்டுப் பெரியவர் சொன்னாலும் ஓடுவோம். கடைக்காரர் இரண்டு சிகரெட்டை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். ஆக, அந்தக் காலத்தில் சிகரெட்டுக்குப் பெட்டி என்பதே குழந்தையின் கைதான்.

இப்போது 2003-ஆம் வருடச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது, அவர்களை வைத்தும் விற்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் கடையே இருக்கக் கூடாது. 2016 முதல் பெட்டியின் இரு முகத்திலும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். எல்லாம் சரி. ஆனால் பெட்டிக் கடையில் நம் ஆட்கள் வாங்குவது ஒன்று, இரண்டு. பெட்டி கடைக்காரரிடமே இருக்கிறது. எச்சரிக்கைப் படத்தை அவர்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேரன் எவ்வளவு கெட்டிக்காரப் பூட்டுச் செய்தாலும் உதிரியாக வாங்கிய சிகரெட் அந்தப் பூட்டுக்கு வெளியேதான் பிறக்கிறது. சில மாநிலங்கள் உதிரி விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. குழந்தைப் பாதுகாப்பு என்று பார்த்தால் அந்தத் தடைதான் முதல் பூட்டு.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பூட்டும் பூட்டல்ல என்பதும் உண்மை. அழுத்தித் திருகும் மூடியை என்னைவிட அவன் சீக்கிரம் திறப்பான். "குழந்தைக்கு ஆபத்தில்லாத சிகரெட்" என்று கம்பெனிக்காரர்கள் நல்ல பெயர் எடுத்துவிடக் கூடாதே என்ற கவலையும் எனக்கு உண்டு. பெட்டிக்குப் பூட்டு வந்தால் புகைக்குப் பூட்டு வந்ததாக ஆகாது. அப்பா விடும் புகையைக் குழந்தை மூடி எதுவும் திறக்காமலே சுவாசிக்கிறது.

இருந்தாலும் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ப்ரோ டாக்டர் புத்தி சொல்லிச் சலித்துத்தான் மூடிக்குப் போனார். பேரனுக்கு நான் எழுதி அனுப்பிய குறிப்பு இதுதான். ஒன்று, மூடி தானாக மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு, ஒரு தடவைக்கு ஒரு சிகரெட்டுக்கு மேல் வெளியே வரக் கூடாது. கவிழ்ந்தால் கொட்டக் கூடாது. மூன்று, அணைத்த துண்டைப் போட அதே பெட்டியில் தீப்பிடிக்காத ஓர் அறை வேண்டும். போட்ட துண்டு திரும்பி வரக் கூடாது. முதல் இரண்டையும் பெட்டியில் செய்துவிட்டதாகச் சொன்னான். மூன்றாவதில்தான் திணறுகிறான். வாசனையும் சூடும் அட்டைக்கு ஒத்துவரவில்லையாம். அதுதான் முக்கியமான வேலை, விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் முடிக்கும்வரை நாம் காத்திருக்க முடியாது. எங்கள் வீட்டிலேயே மகனுடைய பெண் குழந்தைக்குப் பத்து மாதம். தவழ ஆரம்பித்துவிட்டாள். மகன் சிகரெட் பிடிப்பவன். மொட்டை மாடியில்தான் பிடிப்பான். விட்டுவிடு என்று நான் சொல்வதும் அவன் தலையை ஆட்டுவதும் பல வருடமாக நடக்கிறது. இந்த முறை வேறு மாதிரி கேட்டேன்.

"பிடிச்ச துண்டை எங்கப்பா போடறே?"

"தொட்டியிலதாம்ப்பா. துளசிக்குப் பக்கத்துத் தொட்டி."

தொட்டி தரையில் இருக்கிறது. மருமகள் மாலையில் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேதான் உட்காருவாள். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் திருகு மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, கைப்பிடிச் சுவரைவிட உயரமான மாடத்தில் வைத்தான். துண்டு அதற்குள் மட்டுமே போகும். பெட்டியும் லைட்டரும் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டன. பழைய தொட்டியின் மண்ணை அவனே அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டான்.

உங்கள் வீட்டில் புகை பிடிப்பவர் இருந்து, தவழும் குழந்தையும் இருந்தால், பெட்டி எங்கே என்று தேடுவதற்கு முன் துண்டு எங்கே என்று கேளுங்கள். ஒருமுறை நீங்களே தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். என்னைப் போல் முழங்கால் வலி உள்ளவர்கள், எழுப்பிவிட யாராவது பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காரவும்.